ஆள் கொடுத்து ஆள் எடுத்த ஊர்

மே மாதத்தில் வேலூருக்குப் போகிறேன் என்று சொன்னதும் எங்கள் பள்ளி ஆசிரியர் அறையில் எல்லோரும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். தென்காசியில் சாரலுக்குக் காத்திருக்கிற நேரத்தில் வெயிலைத் தேடிப் போகிறவளை வேறு எப்படிப் பார்ப்பார்கள்? நான் என்ன, ஆசைப்பட்டா போனேன்? தங்கை மகன் கதிர் ஒரு பெண்ணைப் பிடித்துவிட்டான். சாதி, ஜாதகம், சம்மதம் எல்லாவற்றையும் அவனே பேசி முடித்துவிட்டான். பெரியவர்களுக்கென்று அவன் மிச்சம் வைத்திருந்த வேலை, போய்ப் பெண்ணைப் பார்த்து, தலையை ஆட்டி, பிரியாணி சாப்பிட்டுவிட்டு வருவது மட்டும்தான்.

நான் புவியியல் டீச்சர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அதற்காக இதுவரை வருத்தப்பட்டதும் இல்லை. என் தங்கை சரோஜா, புருஷன் செத்தபிறகு கைக்குழந்தையாக இருந்த கதிரைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். அன்றிலிருந்து நானும் அவளும்தான். முன்னறையில் மிஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறாள். வெளியே கிளம்பினால் நான் முன்னால் போவேன், அவள் பின்னால் வருவாள். எங்கள் தெருவுக்கு வருகிற மினிபஸ்ஸின் கண்டக்டர் என் தலையைக் கண்டதும் கேட்காமலே இரண்டு டிக்கெட் கிழித்துவிடுவார்.

கதிர் ஷூ கம்பெனி மிஷின்களைப் பழுது பார்க்கிறவன். ஆம்பூரில் வேலை பார்த்தபோது அங்கே தோல் தைக்கிற ரேவதியைப் பார்த்திருக்கிறான். மிஷின் பழுதானதை விட அதிகமாக அவன் அந்த வரிசைக்குப் போய் வந்ததாகப் பிறகு தெரிந்தது. இப்போது ராணிப்பேட்டையில் வேறொரு கம்பெனிக்கு மாறிவிட்டான். ரேவதிக்கும் அதே கம்பெனியில் லைன் சூப்பர்வைசர் வேலை தயாராக இருக்கிறது. கல்யாணம் முடிந்தால் இரண்டு பேரும் அங்கேதான்.

சனிக்கிழமை காட்பாடியில் இறங்கினோம். வருடக்கணக்காக மக்கள்தொகை அடர்த்தி என்றால் என்ன என்று கரும்பலகையில் எழுதிப் போட்டவள் நான். காட்பாடி பிளாட்பாரத்தில் அது என் காலை மிதித்துவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் போனது. வங்காளம், ஒடிசா, அசாம், ஆந்திரா என்று எல்லா ஊர்க்காரர்களும் பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தார்கள். ஆளுக்கொரு எக்ஸ்ரே உறை, ஆளுக்கொரு தண்ணீர்க் கேன். வெளியே வந்தால் ஆட்டோக்காரர் என்னிடம் இந்தியில் விலை பேசுகிறார்.

“நான் தென்காசி” என்றேன், கொஞ்சம் உரக்கவே.

“ஸாரி மேடம். எல்லாருமே அந்தாண்ட ஆளுங்களா வர்றாங்களா, தமிழ்ல கேட்டா யாரும் திரும்ப மாட்டேன்றாங்க. அதான் இந்தியிலயே ஆரம்பிச்சுடறது” என்றார் அவர்.

கதிர் பிடித்துக் கொடுத்திருந்த விடுதியின் கீழே ஒரு வங்காளிச் சாப்பாட்டுக்கடை. மீன் குழம்பில் கடுகு வாசனை தூக்கியது. நான் தயிர்சாதம் இருக்கிறதா என்று கேட்டு அவமானப்பட்டேன். சரோஜாவோ எதிரே உட்கார்ந்திருந்த ஒரு வங்காளப் பெண்மணியின் தட்டைக் கைகாட்டி, அதையே வாங்கி, முள் எடுக்க அவளிடமே கற்றுக்கொண்டு, கடைசியில் இருவரும் ஒருவர் ஜாக்கெட்டை ஒருவர் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி பேசுவது இன்னொருத்திக்கு ஒரு வார்த்தை புரியாது. “அவங்க கைத்தையல் நல்லா இருக்குக்கா, ஆனா கழுத்து எறங்கிட்டு” என்று எனக்கு அறிக்கை கொடுத்தாள். வீட்டில் வாயே திறக்காதவள் இங்கே வங்காளிகளுக்குக் கழுத்து அளவு சொல்கிறாளே என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆம்பூர் போகிற பஸ்ஸில் ஏறினோம். கதிர் ராணிப்பேட்டையிலிருந்து மக்கன் பேடா இனிப்பு டப்பாவோடு வந்து சேர்ந்துகொண்டான். பின்சீட்டில் இரண்டு பெரியவர்கள் உருதுவில் சண்டை மாதிரி ஏதோ பேசிக்கொண்டு வந்தார்கள். என்ன என்று கதிரைக் கேட்டேன். “மருமகன் ஷூ கம்பெனியில மேனேஜராம் பெரிம்மா. வெளிநாட்டுக்கெல்லாம் செருப்பு அனுப்புறானாம். மாமனாருக்கு ஒரு ஜோடி குடுக்கலயாம்” என்றான். முன்சீட்டில் தெலுங்கு. கண்டக்டர் மூன்று பாஷையிலும் உள்ளே தள்ளிப் போகச் சொன்னார். எந்தப் பாஷையிலும் யாரும் போகவில்லை. ஜன்னல் வழியே பாலாறு தெரிந்தது. தண்ணீர் தவிர மற்றதெல்லாம் அதில் இருந்தது.

பள்ளிகொண்டா தாண்டி கண்டக்டர் எங்களை இறக்கிவிட்டார், ஹைவேக்குத் தப்பான பக்கத்தில். அங்கே இருப்பது கொல்லைமேடு. நாங்கள் போக வேண்டிய ஏரிக்கோடி எதிர்ப்பக்கம். முன்பு எல்லாமே ஒரே வேலூர் மாவட்டம். பிறகு மூன்றாகப் பிரித்தபோது கொல்லைமேடு திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போய்விட்டது. ஏரிக்கோடி வேலூரிலேயே தங்கிவிட்டது. நடுவில் சென்னையிலிருந்து பெங்களூருக்குப் போகிற லாரிகள் அத்தனையும் ஓடுகின்றன. இரு நாடுகளுக்கு நடுவில்கூட இவ்வளவு பாதுகாப்பான எல்லை இருக்காது.

கொல்லைமேட்டு டீக்கடையில் வழி கேட்டோம். கடைக்காரர் எங்கள் பழத்தட்டையும் பூவையும் பார்த்தார்.

“ஏரிக்கோடில பொண்ணு பாக்க வந்துகிறீங்களா? ரேவதிப் பொண்ணா?” அவர் முகம் மலர்ந்துவிட்டது. “தங்கமான பொண்ணு. பேசி முடிச்சிடுங்க. சீக்கிரம் கூட்டிக்கினு போய்டுங்க. இந்த வாரமே கூட்டிக்கினு போனாலும் சரிதான்.” டீக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

பெண்ணின் பக்கத்து ஊர்க்காரன் இவ்வளவு நல்லவனாக இருந்தால் சந்தேகப்பட வேண்டும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

ஹைவேயைக் கடந்த கதையைச் சொல்லக்கூடத் தெம்பில்லை. தடுப்புச் சுவரில் யாரோ உடைத்து வைத்த ஒரு சந்து. ஒரு லாரி போன காற்றில் தாம்பாளத்து வெற்றிலை பெங்களூர்ப் பக்கம் பறந்தது. சரோஜா என் முழங்கையைப் பிடித்த பிடி இன்னும் நீலமாக இருக்கிறது. ஒரு பசுமாடு மட்டும் எங்களுக்கு முன்னால் நிதானமாகக் கடந்து போனது. அது ரேவதி வீட்டு மாடுதானாம். தினமும் திருப்பத்தூர் மாவட்டத்தில் மேய்ந்துவிட்டு வேலூர் மாவட்டத்தில் பால் கறக்கிறதாம்.

ஏரிக்கோடியில் எங்களை வரவேற்க ஊர்ப் பெண்கள் எல்லோரும் ரேவதி வீட்டு வாசலில் இருந்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. நடுவே, முக்காடு போட்ட, வாட்டசாட்டமான ஒரு பெண்மணி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பெயர் நூர்ஜகான். காலையில் கம்பெனி பஸ் வரும்போது ஆட்களைக் கூட்டி நிறுத்துகிறவள் அவள்தான். மாப்பிள்ளை வீட்டை அவள் பார்த்த பார்வையில், ஆட்டைத் திருட வந்தவர்கள் நாங்கள்தானோ என்று எனக்கே தோன்றிவிட்டது.

உள்ளே டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. ஜனத்தொகையைக் கணக்குப் போட்டால் டெல்லியில் எந்த மாநிலத்துக்கு எத்தனை சீட்டு கூடும், எத்தனை குறையும் என்று நாலு பேர் கத்திக்கொண்டிருந்தார்கள். ரேவதியின் அப்பா முனுசாமி, கூச்ச சுபாவமுள்ள விவசாயி, சத்தத்தைக் குறைத்துவிட்டு, “இத இப்பதான் பேசுறானுங்க. நாங்க எப்பவோ அடி வாங்கிட்டோம்” என்றார்.

ரேவதி காபி கொண்டுவந்தாள். நல்ல நேர்கொண்ட பார்வை. கும்பிட்டுவிட்டு, போகாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். எனக்கு அது பிடித்திருந்தது. பிரியாணி வந்தது. சீரகச் சம்பா அரிசி, கத்தரிக்காய் தொக்கு, வெங்காயப் பச்சடி. எங்கள் ஊர்க் கல்யாணங்களில் போடுவதைப் பிரியாணி என்று இத்தனை நாள் சொன்னதற்கு மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். இரண்டாம் முறை கேட்கலாமா என்று நான் யோசித்த நேரத்தில் நூர்ஜகான் ஆரம்பித்தாள்.

“கல்யாணம் ஆனா பொண்ணு எங்க இருக்கும்?”

“ராணிப்பேட்டையில” என்றான் கதிர்.

வாசலில் ஒரு பெருமூச்சு எழுந்தது. அத்தனை பேரும் சேர்ந்து விட்டது.

“நான் போனா பஸ்ஸு நிக்காது பெரிம்மா” என்றாள் ரேவதி, என்னைப் பார்த்து. “அதான் விஷயம்.”

அவள் சொன்னது இதுதான். ஆம்பூர் கம்பெனி பஸ் ஹைவேயில் வந்து, வெகுதூரம் தள்ளியிருக்கிற பாலத்துக்கு அடியில் திரும்பி, ஏரிக்கோடிக்குள் வந்து பெண்களை ஏற்றிக்கொண்டு போகிறது. அதற்காகத் தனியாக ஒரு சுற்று. பன்னிரண்டு பேர் நின்றால்தான் அந்தச் சுற்று என்பது கம்பெனி விதி. ஒரு தலை குறைந்தாலும் பஸ் உள்ளே வராது. இருட்டோடு ஹைவேயைக் கடந்து கொல்லைமேட்டில் போய் ஏற வேண்டும். ஏரிக்கோடியில் இப்போது சரியாகப் பன்னிரண்டு பேர், ரேவதியோடு சேர்த்து.

“அந்தாண்டக்காரங்களுக்கு ரெண்டு பஸ்ஸு ரொம்புது. எங்களுக்கு ஒரு ஸ்டாப்புக்கு ஆள் கம்மி” என்றாள் நூர்ஜகான். “ஏன்னு கேளுங்க. எங்க அம்மாங்க காலத்துல இந்த ஊர்ல ஒரு நர்சம்மா இருந்தாங்க. வீடு வீடா வந்து ரெண்டு போதும், ரெண்டு போதும்னு உயிர எடுத்துட்டாங்க. இந்து, முஸ்லிம், சர்ச்சுக்காரங்க, ஒருத்தர விடல. ஊரே கேட்டுச்சு. ஆனா அந்தம்மா ரோட்டுக்கு அந்தாண்ட போவ மாட்டாங்க. அது அவங்க எல்லை இல்லையாம். கொல்லமேட்டுல எல்லா வூட்லயும் நாலு, அஞ்சு. இப்ப பாருங்க, பேச்சக் கேட்டவங்களுக்கு பஸ்ஸு இல்ல.”

ஒரு நர்ஸின் எல்லைக்கோடு, ஒரு தலைமுறை கழித்து, ஒரு பஸ் நிறுத்தத்தைத் தின்கிறது. பாடப்புத்தகத்தில் இதைப் போட்டால் ஒரு பிள்ளையும் தூங்காது.

கொல்லைமேட்டுக்காரர் டீயைச் சும்மா கொடுத்த ரகசியமும் வெளியே வந்தது. ஏரிக்கோடி சுற்று நின்றால் அவர்கள் ஊர்ப் பெண்கள் காலையில் இன்னும் கொஞ்ச நேரம் தூங்கலாம். ரேவதிக்குக் கல்யாணம் என்று கம்பெனியின் போக்குவரத்து அதிகாரிக்குச் சொல்லிவிட்டதும் அவர்கள்தான். ‘போகப் போற பொண்ண கணக்குல சேக்க மாட்டேன், திங்கக்கெழம நானே வந்து தலையை எண்ணுறேன்’ என்று அவர் சொல்லிவிட்டாராம்.

“கொஞ்ச தூரம் நடக்கிறதுக்கா இவ்வளவு?” என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

நூர்ஜகான் பின்னால் திரும்பி, “மல்லிகா, முன்னாடி வா” என்றாள். முப்பது வயது இருக்கும், ஒரு பெண் கோல் ஊன்றி வந்தாள். போன வருடம் பஸ் ரிப்பேராகி வராத ஒரு நாள், அந்தச் சந்து வழியாகக் கடக்கும்போது லாரி தட்டிவிட்டதாம். காலுக்குள் கம்பி இருக்கிறது. இனி மிஷினை மிதிக்க முடியாது. அவள் என்னைப் பார்த்துச் சிரித்தது வேறு எனக்குத் தாங்கவில்லை. காலையில் என் முழங்கையைப் பிடித்த சரோஜாவின் கை ஞாபகம் வந்தது. இவர்கள் அதை இருட்டில் தினமும் செய்ய வேண்டும்.

கதிர் ஏதேதோ சொன்னான். ஷேர் ஆட்டோ வைக்கலாம் என்றான். கலெக்டரிடம் மனு கொடுக்கலாம் என்றான். “எந்தக் கலெக்டர்ட்ட? ரோட்டுக்கு இந்தாண்ட பாதி ஒருத்தரு, அந்தாண்ட பாதி ஒருத்தரு” என்றார் முனுசாமி.

“நாங்க இன்னா கல்யாணம் வேணாம்னா சொல்றோம்? எங்க பொண்ணு சூப்பர்வைசரா போறது எங்களுக்குப் பெருமை இல்லையா?” என்றாள் நூர்ஜகான். “ஒரு ஆள் குடுத்துட்டு கூட்டிக்கினு போங்க. அவ்ளோதான்.”

“அவங்க பயந்துக்கினு இருக்கறப்ப நான் மாலைய மாட்டிக்கினு போனா எனக்குச் சோறு எறங்காது” என்றாள் ரேவதி. கதிர் தலையைக் குனிந்துகொண்டான். பையனின் கண் கலங்கியிருந்தது.

அப்போது நூர்ஜகானின் பார்வை மெதுவாக சரோஜா மேல் போய் நின்றது. தலையிலிருந்து கால் வரை பார்த்தாள். “தங்கச்சிக்கு இன்னா வயசு?”

“நாப்பத்தி நாலு” என்றாள் சரோஜா.

“பாத்தா தெரியல. நாளைக்கு ஒரு நாள் காலைல கம்பெனி கோட்டு போட்டுக்கினு எங்களோட நில்லு. எண்ணிட்டுப் போய்டுவாரு. ஒரு மாசம் தள்ளும். அதுக்குள்ள யாரையாவது தேடிக்கலாம்.”

“இது மோசடி!” என்றேன் நான்.

“நிக்கேன்” என்றாள் சரோஜா.

என்னைக் கேட்காமல் அவள் ஒரு முடிவு எடுத்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. ஜாக்கெட்டுக்குக் கொக்கி வாங்கினாலும் என்னிடம் காட்டிவிட்டு வாங்குகிறவள்.

அன்று இரவு ஏரிக்கோடியிலேயே தங்கினோம். திங்கள்கிழமை விடியுமுன் எழுந்து வேடிக்கை பார்க்கப் போனேன். சரோஜா ஒரு நீலக் கோட்டுக்குள் இருந்தாள். அது மல்லிகாவின் கோட்டு.

இப்போது அந்த ஊர்ப் பெண்கள் செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும். ஆள் குறைந்துவிடக் கூடாதே என்று ஒவ்வொருத்தியும், மற்றவளுக்குச் சொல்லாமல், தனித்தனியாக ஒரு ஆளை ஏற்பாடு செய்திருந்தாள். ஒருத்தியின் நாத்தனார் பேரணாம்பட்டிலிருந்து வந்திருந்தாள். ஒருத்தியின் சித்தி ஆந்திராவில் இருக்கிற குப்பத்திலிருந்து. அவளுக்குத் தெலுங்கு தவிர வேறு தெரியாது. நூர்ஜகானே தன் மருமகளை வாணியம்பாடியிலிருந்து வரவழைத்திருந்தாள். கோட்டு கிடைக்காதவர்கள் மழைக்கோட்டு போட்டிருந்தார்கள், மே மாதத்தில். பன்னிரண்டு பேர் நிற்க வேண்டிய இடத்தில் இருபது பேருக்கு மேல் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு நின்றார்கள்.

பஸ் வந்தது. போக்குவரத்து அதிகாரி இறங்கினார். ஒல்லியான மனிதர், தூக்கக் கலக்கம். எண்ணினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி எண்ணினார்.

“நேத்து வரைக்கும் பன்னெண்டு. ஒரே ராத்திரில ஊரு இவ்ளோ பெருத்துடுச்சா?”

“எல்லாம் புது ஜாயினிங் சார்” என்றாள் நூர்ஜகான், முகம் மாறாமல்.

“மழைக்கோட்டுல?”

“ஏசி ஓவராக்கீதுன்னு சொன்னாங்க சார்.”

அவர் என்னைப் பார்த்தார். நான் கோட்டும் போடவில்லை, ஒன்றும் போடவில்லை. கண்ணாடியும் பட்டுச் சேலையுமாக நின்றிருந்தேன். “இந்தம்மா?”

“அவங்களும்தான் சார்” என்றது ஒரு குரல். யார் என்று இன்றுவரை தெரியவில்லை, தெரிந்தால் சும்மா விடமாட்டேன்.

“ரொம்ப சந்தோஷம்” என்றார் அதிகாரி. “கம்பெனில ஆள் இல்லாம நாலு லைன் காலியா கிடக்குது. எல்லாரும் ஏறுங்க. எவ்ளோ பேரு மிஷின்ல உக்கார்றாங்களோ அதான் கணக்கு.”

அப்படித்தான் ஒரு புவியியல் டீச்சர் ஷூ கம்பெனி வேலைக்குப் போனாள். கொல்லைமேட்டில் நின்று அங்கிருந்தவர்களை ஏற்றியபோது டீக்கடைக்காரர் எங்கள் கூட்டத்தைப் பார்த்துக் கையிலிருந்த கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். ஆம்பூர் நெருங்க நெருங்க ஏரிக்கோடியின் திடீர் ஜனத்தொகை கரையத் தொடங்கியது. பேரணாம்பட்டு நாத்தனாருக்கு வயிற்றுவலி. குப்பத்துச் சித்தி பஸ்நிலையத்தின் அருகே தெலுங்கில் ஏதோ கூவிக்கொண்டு குதித்து இறங்கிவிட்டாள். வாணியம்பாடி மருமகளுக்குத் தன் கைக்குழந்தை ஞாபகம் வந்துவிட்டது. கேட்டுக்கு வந்தபோது கடன் வாங்கிய ஆட்களில் மிஞ்சியவர்கள் நானும் சரோஜாவும்தான். நான் செக்யூரிட்டியின் நாற்காலியைப் பார்த்ததும் மயக்கம் வருகிறது என்று அதில் உட்கார்ந்துவிட்டேன்.

சரோஜா உள்ளே போய்விட்டாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

செக்யூரிட்டி பீகார்க்காரர். எனக்கு டீயும் பன்னும் வாங்கித் தந்தார். ஆம்பூர்த் தமிழ் அவர் வாயில் வெண்ணெயாக ஓடியது. “எங்க ஊர்ல ஆள் ஜாஸ்தி, வேலை கம்மி. இங்க வேலை ஜாஸ்தி, ஆள் கம்மி. ஓட்டு அங்க, சோறு இங்க. இன்னா பண்றது மேடம்?” என் வகுப்பில் இடப்பெயர்வுக்கு இரண்டு மதிப்பெண்தான்.

மதியம் சரோஜா வெளியே வந்தாள். முகமெல்லாம் வியர்வை, ஆனால் நடை வேறு மாதிரி இருந்தது. பின்னால் ரேவதி ஓடி வந்தாள்.

“பெரிம்மா, டிரெய்னிங் ஹால்ல கழிவுத் தோல் குடுத்து கோடு மேல தைக்கச் சொன்னாங்க. வளைவுல எல்லாருக்கும் கோணிக்கும். நம்ம அத்த ஒரே இழுப்புல தச்சுட்டாங்க. டிரெய்னிங் மேடமே எங்க கத்துக்கினீங்கன்னு கேட்டாங்க.”

“ஜாக்கெட்டுக் கழுத்துல்லா அது” என்றாள் சரோஜா. பிறகு என்னைப் பார்க்காமல் சேர்த்துக்கொண்டாள்: “நாளையிலருந்து வரச் சொல்லிட்டாவ. வாரேன்னுட்டேன்.”

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. கேட் என்றும் பார்க்கவில்லை. “ஏட்டி, ஒனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? மொழி தெரியாத, வெயில் கொளுத்துற ஊருல, சம்பந்தி வீட்டு வாசல்ல போய் நீ இருப்பியா? ஊரு என்ன சொல்லும்? மருமவ வீட்டுக்கு வருவான்னு பாத்தா மாமியாக்காரி அவ வீட்டுக்குப் போறாளாம்!”

“அவ வீட்டுல இல்லக்கா. மல்லிகா வீட்டுல ஒரு ரூம்பு இருக்காம். அந்தப் பிள்ளைக்கும் ஒரு தொணையா இருக்கும்.” அவள் கோட்டின் பித்தானைத் திருகிக்கொண்டிருந்தாள். “கதிரு போனதுக்கப்புறம் அந்த முன்னறையில நான் என்னத்தக்கா செய்யப்போறேன்? நீ எங்க கூட்டிட்டுப் போனாலும் ஒன் பின்னால வந்தேன். ஒரு கொறையும் சொல்லல. இங்க காலையில என்னைய எண்ணுனாவ. பன்னெண்டுல ஒண்ணுன்னு. எனக்கு அது நல்லா இருந்துச்சு.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. செக்யூரிட்டி இன்னொரு டீ சொன்னார். எனக்கென்னவோ அவள் என் நிழலில் நிம்மதியாக இருக்கிறாள் என்றே இத்தனை வருடமும் நினைப்பு. அவளைக் குறை சொல்லவும் முடியவில்லை, விட்டுக்கொடுக்கவும் முடியவில்லை. வெகுநேரம் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்துவிட்டு, “ஹைவேயில மட்டும் நடக்காத” என்றேன்.

“அதுக்குத்தானக்கா இருக்கேன்” என்றாள்.

சாயங்காலம் கம்பெனி பஸ் ஏரிக்கோடிக்குள் போய் நின்றது. நூர்ஜகான் சரோஜாவைக் கட்டிப் பிடித்தாள். பிறகு என்னையும் பிடித்தாள். எலும்பு இரண்டு நொறுங்கியிருக்கும். முனுசாமி வீட்டில் மறுபடி பிரியாணி. இந்தத் தடவை நான் யோசிக்காமல் இரண்டாம் முறை கேட்டேன். ஆவணியில் கல்யாணம் என்று வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டோம். “பொண்ணக் குடுத்து மாமியார எடுத்த ஊரு எங்களுதுதான்” என்று மல்லிகா சொன்னாள். ஊரே சிரித்தது. கதிர் மட்டும், சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல், தன் அம்மாவின் நீலக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

செவ்வாய்க்கிழமை நான் மட்டும் கிளம்பினேன். ஊருக்குப் போய் அனுப்ப வேண்டியதை சரோஜா முந்தின ராத்திரியே விரல் விட்டுச் சொல்லியிருந்தாள். நாலு சேலை, மூக்குப்பொடி நிறத்துச் சால்வை, பெரிய கத்தரிக்கோல். “மிஷினை யாருக்கும் குடுத்துராத. லீவுல வந்தா தைக்கணும்” என்றாள். எப்போது லீவு என்று அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. நான் எழுந்தபோது அவள் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தாள், வரிசையில் கடைசி ஆளாக. ரேவதியை விட்டுவிட்டு எண்ணிப் பார்த்தேன். சரியாக இருந்தது.

தென்காசியில் காற்று குளிர்ந்திருந்தது. ஸ்டேஷனிலிருந்து வந்து எங்கள் தெரு மினிபஸ்ஸில் ஏறி, எப்போதும் உட்காரும் இருவர் சீட்டில் உட்கார்ந்தேன். கண்டக்டர் என் தலையைக் கண்டதும் வழக்கம்போல இரண்டு டிக்கெட்டைக் கிழித்து நீட்டினார்.

“ஒண்ணு போதும்யா” என்றேன்.

அவர் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். “தங்கச்சி எங்க டீச்சர்?”

“வேலூர் மாவட்டத்துக்குக் குடுத்துட்டேன்.”

அவர் சிரித்தார். நானும் சிரிக்கத்தான் பார்த்தேன். “கிழிச்சத ஒட்டவா முடியும்” என்று முணுமுணுத்தபடி அவர் ஒன்றைத் திரும்ப எடுக்கப் போனார். வேண்டாம் என்று சொல்லி இரண்டுக்கும் காசு கொடுத்துவிட்டு, பக்கத்தில் யாரும் உட்காராதபடி பையை வைத்துக்கொண்டு வீடு வரைக்கும் வந்தேன்.